இயல் சுருக்கம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடும் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டால் ஆளுக்கு ஓர் இயல். அவரவர் தம் இயலை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிவந்து படிக்க வேண்டும். அந்தத் தாள்களை வாங்கித் தொகுக்கும் வேலை பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரி மாணவர், அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று யார் வந்தாலும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பல விடைகளுக்கு ஒரே எடுத்துக்காட்டைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். பயிற்சிக்காக நானே எழுதிய பத்தி அது. இருபது பக்க இயல் ஒன்றின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

> சென்னைக்காரர்களுக்குப் பக்கிங்காம் கால்வாய் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய இடம். 1806-இல் பாசில் காக்ரேன் என்பவரின் முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டபோது அது ஒரு சரக்குப் பாதை. பிறகு அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கால்வாய் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது பிழைப்புத் தேடி வந்தவர்களைக் கொண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. விறகும் உப்பும் படகுகளில் வந்தன. ரயிலும் லாரியும் அந்தச் சரக்கைப் பறித்துக்கொண்டன. கழிவுநீர்தான் கால்வாயைக் கொன்றது என்பார்கள். அது பாதி உண்மை. படகுகள் நின்றபின் அதைத் தூர்வாரிப் பேணுவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. கேட்பாரற்ற நீர்வழியில் கழிவு வந்து சேர்ந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவே ஊன்றப்பட்டது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே ஊர் அதை நீர்வழியாக நினைப்பதை விட்டிருந்தது.

சுருக்கம் என்றால் என்ன? நீளமாக இருப்பதைச் சின்னதாக எழுதினால் போதாதா?

போதாது. ஓர் இயல் வாசகரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடத்திச் செல்கிறது. எங்கிருந்து புறப்பட்டது, எங்கே கொண்டுவந்து நிறுத்தியது, எந்த வழியாக வந்தது என்ற மூன்றையும் சொல்வதுதான் சுருக்கம். வழியில் பார்த்த பொருள்களை மட்டும் எழுதினால் அது மளிகைச் சீட்டு.

இயலைப் படிக்காத ஒருவர் உங்கள் தாளைப் படித்துவிட்டு, "இந்த ஆசிரியர் எதை நம்பச் சொல்கிறார், எதை வைத்து நம்பச் சொல்கிறார்?" என்பதற்கு விடை சொல்ல முடிந்தால் சுருக்கம் தேறிவிட்டது.

பொழிப்புரை, கருத்துரை, சுருக்கம், மதிப்புரை எல்லாம் ஒன்றுதானே?

பொழிப்புரை ஒரு செய்யுளின் பொருளைத் திரட்டிச் சொல்வது. அது மூலத்தைவிட நீளமாகவும் இருக்கலாம். குறளுக்கு எழுதும் பொழிப்புரை ஏழு சீருக்குள் அடங்குவதில்லை. கருத்துரை அதன் உட்கிடையை ஓரிரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும். மதிப்புரையில் உங்கள் தீர்ப்பு இருக்கும். சுருக்கத்தில் தீர்ப்புக்கு இடம் இல்லை.

நம் மரபில் இயல் சுருக்கத்துக்கு மிக நெருங்கி வருவது, பரிமேலழகர் குறளின் ஒவ்வோர் அதிகாரத் தொடக்கத்திலும் எழுதும் சிறு முன்குறிப்பு. "அஃதாவது" என்று தொடங்கி அந்த அதிகாரத்தின் பொருள் இன்னது என்பார். முந்தைய அதிகாரத்துக்குப் பின் அது ஏன் வைக்கப்பட்டது என்றும் சொல்வார். இந்த இரண்டாவது பகுதியை நம்மில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். புத்தகத்தில் இந்த இயல் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இயல் இன்னும் பிடிபடவில்லை.

எத்தனை முறை படித்தபின் எழுத உட்காரலாம்?

இரண்டு முறை. முதல் முறை கையில் பேனா வேண்டாம். இரண்டாம் முறை ஒவ்வொரு பத்திக்கும் நேராக ஒரு துண்டுத் தாளில் அந்தப் பத்தி செய்கிற வேலையைக் குறியுங்கள்: கதை, சான்று, மறுப்பு, விதிவிலக்கு, முடிவு. பத்தியில் இருக்கும் செய்தியைக் குறிக்க வேண்டாம். செய்தியைக் குறித்தால் சுருக்கம் எழுதும்போது மறுபடியும் மளிகைச் சீட்டுதான் வரும்.

துண்டுத் தாள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நூலகப் புத்தகங்களில் பென்சில் கோடுகளை அழித்து அழித்து என் விரல் தேய்ந்துவிட்டது.

புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்கிறீர்கள். மறந்துபோனால் என்ன செய்வது?

மறந்துபோகட்டும் என்றுதான் மூடச் சொல்கிறேன். இரண்டு முறை படித்தும் நினைவில் நிற்காதவற்றில் பெரும்பகுதி சுருக்கத்துக்குத் தேவையில்லாதது. புத்தகம் திறந்திருந்தால் கை தானாக வாக்கியங்களைப் பெயர்த்து எழுதத் தொடங்கிவிடும். மூடியிருந்தால் உங்கள் வாக்கியம்தான் வரும்.

எழுதி முடித்தபின் கட்டாயம் திறக்க வேண்டும். பெயர்கள், எண்கள், "பெரும்பாலும்", "சில இடங்களில்", "பாதி உண்மை" போன்ற வரம்புச் சொற்கள் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். நினைவு முதலில் தின்றுவிடுவது இந்த வரம்புச் சொற்களைத்தான். "பாதி உண்மை" என்று மேலே இருக்கிறது அல்லவா? பயிற்சியில் இந்தப் பத்தியைக் கொடுத்தபோது மூன்று பேர், "கழிவுநீர்தான் காரணம் என்பது பொய் என்கிறார் ஆசிரியர்" என்று எழுதிவந்தார்கள்.

எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? மூன்றில் ஒரு பங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே?

அது தேர்வில் கொடுக்கும் ஒற்றைப் பத்திக்கான அளவு. சுருக்கி வரைதல் வினாவில் மூன்றில் ஒரு பங்கு கேட்டால் அதையே பின்பற்றுங்கள், மதிப்பெண் அங்கே இருக்கிறது. முப்பது பக்க இயலுக்கு அதே கணக்கைப் போட்டால் பத்துப் பக்கம் வரும். அதைப் படிக்கிறவர் இயலையே படித்துவிட்டுப் போவார். எங்கள் வட்டத்தில் இருபது, இருபத்தைந்து பக்கத்துக்கு ஒரு பக்கம். ஆய்வேட்டுக்காகச் சொந்தக் குறிப்பு எடுப்பவர் இரண்டு பக்கம் வரை போகலாம்.

'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரு சொல்லா, மூன்று சொல்லா? 200 சொற்களுக்குள் எழுதச் சொன்னால் எப்படி எண்ணுவது?

சேர்த்து எழுதினால் கணினி ஒன்று என்று எண்ணும். "வந்து கொண்டு இருந்தார்கள்" என்று பிரித்தால் மூன்று. தமிழில் சொல் எண்ணிக்கை ஓரளவு எழுதுகிறவரின் கையில்தான் இருக்கிறது. துணைவினையை முதன்மை வினையோடு சேர்த்து எழுதுவது முறை. அதற்கு மேல் ஒட்ட வேண்டாம். ஒரு மாணவர் வாக்கியத்தையே ரயில் பெட்டிகள் போலக் கோத்து 200-க்குள் அடக்கியிருந்தார். படிக்க மூச்சு வாங்கியது.

எண்ணிக்கையைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. "என்பது குறிப்பிடத்தக்கது", "என்று கூறினால் அது மிகையாகாது", "என்பதை நாம் மறந்துவிடக் கூடாது", "இத்தகைய சூழ்நிலையில்" ஆகியவற்றை வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் இருபது சொல் சுலபமாக மிஞ்சும்.

முதல் வாக்கியத்திலேயே அரைமணி நேரம் போய்விடுகிறது. எப்படித் தொடங்குவது?

பெரும்பாலான தாள்கள் இப்படித் தொடங்குகின்றன: "இவ்வியலில் ஆசிரியர் பல்வேறு கருத்துகளை விரிவாகவும் தெளிவாகவும் எடுத்துரைக்கிறார்." இந்த வாக்கியத்தைச் சமையல் புத்தகத்துக்கும் போடலாம், சட்டப் புத்தகத்துக்கும் போடலாம். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தப் புத்தகத்தையும் பற்றியது அல்ல. அதை அடித்துவிடுங்கள். இயல் கடைசியில் எங்கே வந்து நின்றதோ, அதை முதல் வாக்கியமாக வையுங்கள்.

கால்வாய்ப் பத்திக்கு வந்த ஒரு சுருக்கம் இது: "1806-இல் காக்ரேன் கால்வாய் வெட்டினார். பின்னர் அரசு எடுத்துக்கொண்டது. பஞ்ச காலத்தில் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. பக்கிங்காம் என்று பெயர் வந்தது. ரயில் வந்தது. கழிவுநீர் கலந்தது. தூண்கள் ஊன்றப்பட்டன." ஒரு தகவல்கூடத் தவறில்லை. ஆனால் ஆசிரியர் எதற்காக இதையெல்லாம் சொன்னார் என்பது எங்கேயும் இல்லை.

இன்னொருவர் எழுதியது: "பக்கிங்காம் கால்வாயின் அழிவுக்குக் கழிவுநீரை மட்டும் காரணமாகச் சொல்வதை ஆசிரியர் முழுமையாக ஏற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சரக்குப் பாதையாக வளர்ந்த கால்வாய், ரயிலும் லாரியும் வந்தபின் வேலையிழந்தது. வேலை போனதால் பராமரிப்பு போனது. பராமரிப்பு போன இடத்தில் கழிவு சேர்ந்தது என்று காரணங்களை அவர் வரிசைப்படுத்துகிறார். பறக்கும் ரயில் தூண்கள் வருவதற்கு முன்பே கால்வாய் கைவிடப்பட்டிருந்தது என்பது அவர் முடிவு." இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் காக்ரேன் இல்லை, 1806 இல்லை, கோமகன் இல்லை. இருந்தும் இயல் முழுவதும் அதில் இருக்கிறது.

ஆசிரியர் சொன்ன வரிசையிலேயே எழுத வேண்டுமா?

வாதம் செய்யும் இயலில் வேண்டாம். மேலே பார்த்ததுபோல் முடிவை முன்னால் கொண்டுவரலாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிற இயலில், உதாரணமாகக் கணித நிறுவலிலோ செய்முறை விளக்கத்திலோ, வரிசையை மாற்றினால் கட்டடம் சரிந்துவிடும். அங்கே முடிவை ஒரு வரியில் முதலில் சொல்லிவிட்டுப் பின் அவர் வரிசையிலேயே போகலாம்.

எடுத்துக்காட்டுகளை எல்லாம் விட்டுவிடலாமா?

ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துப் பாருங்கள். மறைத்தபின்னும் வாதம் நிற்கிறதா? நின்றால் விடலாம். கால்வாய்க்குப் பெயர் வந்த கதையை மறைத்தால் ஒன்றும் ஆகாது. ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்ததை மறைத்தால் எல்லாம் விழுந்துவிடும். ஒரே கருத்துக்கு ஆசிரியர் ஐந்து எடுத்துக்காட்டு தந்திருந்தால் வலுவான ஒன்றைப் பெயரோடு சொல்லி, மற்றவற்றை "இன்னும் நான்கு ஊர்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது" என்று கட்டிவிடலாம்.

இந்தச் சோதனையில் எனக்கே தீராத ஓர் இடம் உண்டு. பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்கள் மண் வெட்டிய அந்த 8 கிலோமீட்டர். கால்வாய் எப்படி அழிந்தது என்ற வாதத்துக்கு அது தேவையே இல்லை. கையால் மறைத்தால் எதுவும் விழாது. ஆனால் படித்தவர்கள் எல்லோருக்கும் நினைவில் நின்றது அதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அதை விட்டுவிட்டு என்ன சுருக்கம் வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்டார். ஒரு தொடர் மட்டும் கொடுக்கலாம் என்பது என் சமரசம்: "பஞ்ச நிவாரண வேலையாக நகருக்குள்ளும் நீண்ட இக்கால்வாய்..." அதற்கு மேல் போனால் சுருக்கம் வேறு இயலைப் பற்றியதாகிவிடும்.

எண்களையும் ஆண்டுகளையும் எவ்வளவு எழுதுவது?

வாதம் எந்த எண்ணின் மேல் நிற்கிறதோ அது மட்டும். 1806 என்பது "19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்" ஆகலாம். இரண்டு எண்களை ஒப்பிட்டு ஆசிரியர் ஏதாவது நிறுவினால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அது அனாதை.

ஆங்கில நூலிலிருந்து எடுக்கும்போது மில்லியன், பில்லியனில் கவனம். ஒரு மில்லியன் 10 லட்சம். ஒரு பில்லியன் 100 கோடி. பில்லியனைக் கோடி என்று எழுதிய தாள்கள் என் கோப்பில் இருக்கின்றன.

வாக்கியத்துக்கு வாக்கியம் 'என்கிறார்' என்றே முடிகிறது. படிக்க அலுப்பாக இருக்கிறதே?

அலுப்பு மட்டுமா, தகவலும் போய்விடுகிறது. ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்வதில்லை. சிலவற்றை நிறுவுகிறார், சிலவற்றை ஊகிக்கிறார், எதிர்க்கட்சி சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார், ஒன்றை மறுக்கிறார், ஓரிடத்தில் ஐயுறுகிறார், ஓரிடத்தில் எச்சரிக்கிறார். இந்த வினைச்சொற்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதிச் சுருக்கம் முடிந்தது. "மறுக்கிறார்" என்ற ஒரு சொல், "இதற்கு முன் வேறொருவர் ஒன்று சொல்லியிருக்கிறார், அதை இவர் ஏற்கவில்லை" என்ற முழுச் செய்தியையும் சுமக்கிறது.

தமிழில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று "கூறப்படுகிறது", "கருதப்படுகிறது". யார் கூறினார், ஆசிரியரா, அவர் மறுக்கிற ஆளா? செயப்பாட்டு வினை ஆளை மறைத்துவிடும். இன்னொன்று "-ஆம்" விகுதி. "கால்வாய் அப்போதே கைவிடப்பட்டதாம்" என்று எழுதினால் நீங்கள் நம்பவில்லை என்று பொருள். ஆசிரியர் சொன்னதைச் சொல்லும்போது உங்கள் புருவம் உயரக் கூடாது.

காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஆசிரியர் செய்வது நிகழ்காலம், வரலாற்றில் நடந்தது இறந்தகாலம்: "படகுகள் நின்றன என்று காட்டுகிறார்."

பெரிய அறிஞர். பெயருக்குப் பின் 'அவர்கள்' போடாமல் எழுதினால் மரியாதைக் குறைவு ஆகாதா?

ஆகாது. "எழுதுகிறார்" என்பதில் இருக்கும் "ஆர்" விகுதியே மரியாதைதான். முதலில் முழுப் பெயர், பிறகு "ஆசிரியர்" அல்லது "அவர்". பட்டங்களை மேடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொற்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஆனாலும் இது சுருக்கம் இல்லை என்கிறீர்கள். ஏன்?

"படகுகள்" என்ற இடத்தில் "தோணிகள்", "காரணம்" என்ற இடத்தில் "ஏது", "பேண" என்ற இடத்தில் "பராமரிக்க". சொல் மாறியது, வாக்கியத்தின் எலும்பு ஆசிரியருடையது. ஆய்வேட்டில் இப்படி எழுதினால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர், மேற்கோள்குறி போட்டு அப்படியே எழுதுவதைவிட மோசம். மருந்து முன்பே சொன்னதுதான்: புத்தகத்தை மூடுங்கள்.

மேற்கோள் தேவைப்பட்டால் ஒன்று போதும். ஆசிரியர் தாமே உருவாக்கிய கலைச்சொல், அல்லது வேறு விதமாகச் சொன்னால் பொருள் மாறிவிடுகிற தொடர் என்றால் குறிக்குள் வைத்துப் பக்க எண் கொடுங்கள்.

ஆங்கிலப் புத்தகத்தின் இயலைத் தமிழில் சுருக்கும்போது நடை முறுக்கிக்கொள்கிறதே?

வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்துக்கொண்டே சுருக்கப் பார்ப்பதால் வருவது அது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். படியுங்கள், மூடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஆங்கிலத்தின் நீண்ட வாக்கியத்தை ஒரே வாக்கியமாகக் கொண்டுவந்தால், யார் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் வாசகர் தொடக்கத்தை மறந்திருப்பார். மூன்றாக உடைத்துவிடுங்கள்.

கலைச்சொல்லுக்கு வழக்கில் தமிழ்ச்சொல் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் நீங்களாக ஒன்றைப் பிடித்து முளையடிக்க வேண்டாம்; ஒலிபெயர்த்து எழுதி, முதல் முறை வரும் இடத்தில் நாலு சொல்லில் விளக்கிவிடுங்கள்.

நாவல் அத்தியாயத்தை எப்படிச் சுருக்குவது? அங்கே வாதம் ஏது?

வாதம் இல்லை, மாற்றம் இருக்கிறது. அத்தியாயம் தொடங்கும்போது இருந்த நிலை ஒன்று, முடியும்போது இருக்கும் நிலை இன்னொன்று. யார் எதைத் தெரிந்துகொண்டார், யாருக்கும் யாருக்கும் உறவு முறிந்தது, எந்த முடிவு எடுக்கப்பட்டது? அதை முதலில் எழுதிவிட்டு, மாற்றத்துக்குக் காரணமான நிகழ்ச்சிகளை மட்டும் "அதனால்", "இருந்தும்" என்று இணையுங்கள். "பிறகு", "அப்புறம்", "அடுத்து" என்று போனால் மறுபடியும் சீட்டுதான்.

கதை சொல்லும் குரல் யாருடையது என்பதை விட்டுவிடாதீர்கள். பாத்திரம் நினைப்பதையும் ஆசிரியர் சொல்வதையும் ஒன்றாக்கினால் பெரிய பிழை நேரும். ஏழாம் அத்தியாயச் சுருக்கத்தில் இருபதாம் அத்தியாயத்து ரகசியத்தைப் போட்டு உடைப்பவர்கள் எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

எவ்வளவு தேடியும் இயலில் மையக் கருத்தே அகப்படவில்லை. என்ன எழுதுவது?

அகப்படாததை உண்டாக்காதீர்கள். சில இயல்கள் வெறும் தொகுப்பு: மண் வகைகள், சட்டப் பிரிவுகள், ஒரு மன்னனின் போர்கள். அங்கே ஆசிரியர் எந்த அடிப்படையில் பிரித்திருக்கிறார் என்பதுதான் மையம். "மண்ணை நிறத்தால் பிரிக்காமல் நீர் தாங்கும் திறனால் ஐந்தாகப் பிரிக்கிறார்" என்று எழுதினால் இயலின் உயிர் வந்துவிட்டது. அந்த அடிப்படையும் இல்லையென்றால், "இயல் இன்னின்ன தகவல்களைத் தொகுத்துத் தருகிறது, பொதுமுடிவு எதையும் கூறவில்லை" என்று நேராக எழுதிவிடலாம்.

ஆசிரியர் ஒரு பக்கத்தில் ஒன்றும் அடுத்த பக்கத்தில் அதற்கு நேர்மாறாகவும் சொல்கிறார். எதை எழுதுவது?

பத்தில் எட்டு முறை அவர் முரண்படவில்லை. முதலில் சொன்னது அவர் கருத்தே அல்ல. எதிராளியின் வாதத்தை நன்றாக விரித்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது நம் சாத்திர நூல்களின் பழைய முறை. பூர்வபட்சம் முதலில், சித்தாந்தம் பிறகு. சைவ சித்தாந்த நூல்களில் பரபக்கம், சுபக்கம் என்றே பிரிவுகள் உண்டு. நல்ல ஆசிரியர் எதிர்த்தரப்பை இவ்வளவு வலுவாகவா சொல்வார் என்று தோன்றும் அளவுக்குச் சொல்வார். அவசரமாகப் படிப்பவர் அதையே அவர் கருத்து என்று எடுத்துக்கொள்வார். "என்பார்கள்", "என்று தோன்றலாம்", "என வாதிடுவோர் உண்டு" போன்ற சொற்களைத் தேடுங்கள்; கால்வாய்ப் பத்தியிலும் ஒரு "என்பார்கள்" இருக்கிறது.

மீதி இரண்டு முறை உண்மையாகவே முரண் இருக்கும். நீங்கள் சமாதானம் செய்து வைக்க வேண்டாம். "தொடக்கத்தில் இப்படிக் கூறும் ஆசிரியர், இறுதியில் இப்படிக் கூறுகிறார்" என்று இரண்டையும் வைத்துவிடுங்கள்.

ஆசிரியர் தவறான தகவல் தந்திருந்தால் திருத்தி எழுதலாமா? என் கருத்தை எங்கே சொல்வது?

சுருக்கத்துக்குள் திருத்தினால் ஆசிரியர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாகும். அவர் எழுதியதை "என்கிறார்" என்று அவர் கணக்கிலேயே எழுதுங்கள். கீழே ஒரு கோடு போட்டு, "குறிப்பு" என்று தலைப்பிட்டு உங்கள் திருத்தத்தைச் சொல்லுங்கள். உங்கள் கருத்துக்கும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இடம்.

கோட்டுக்கு மேலே கருத்து நுழையும் திருட்டு வழி பெயரடைகள். "ஆழமான ஆய்வு", "மேலோட்டமான பார்வை", "அருமையாக விளக்குகிறார்". ஒவ்வொன்றும் ஒரு குட்டி மதிப்புரை.

நன்னூல் சொன்ன பத்துக் குற்றங்களைத் தவிர்த்தால் போதாதா? இதெல்லாம் எதற்கு?

கேட்டவர் மேலே சொன்ன தமிழாசிரியர். நியாயமான கேள்வி. அந்தப் பத்தில் நான்கு, சுருக்கம் எழுதுகிறவருக்காகவே சொன்னதுபோல் இருக்கும். குன்றக் கூறல்: இரண்டு வரியில் எழுதிவிட்டு "சுருக்கம்தானே கேட்டீர்கள்" என்பது. மிகைபடக் கூறல்: பெயரடைகள். மற்றொன்று விரித்தல்: பிடித்த எடுத்துக்காட்டுக்குள் புகுந்து வெளியே வராமல் இருப்பது.

நான்காவதுதான் மிகப் பரவலானது: சென்று தேய்ந்து இறுதல். இயலின் முதல் ஐந்து பக்கத்துக்கு முக்கால் பக்கம் எழுதியிருப்பார்கள்; மீதிப் பதினைந்து பக்கமும் கடைசி மூன்று வரியில் நசுங்கிக் கிடக்கும். ஆசிரியரின் முடிவு இருப்பது அங்கேதான். இதற்காகவே சிலரைக் கடைசிப் பத்தியிலிருந்து எழுதத் தொடங்கச் சொல்கிறேன்.

கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சுருக்கித் தருகிறது. நான் ஏன் உட்கார்ந்து எழுத வேண்டும்?

எதற்காகச் சுருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு புத்தகத்தை வாங்கலாமா என்று பார்க்க அது போதும். நீங்கள் அந்த இயலைப் பற்றிப் பேச வேண்டும், எழுத வேண்டும், தேர்வில் விடையளிக்க வேண்டும் என்றால், அது எழுதிய தாள் கையில் இருக்கும், இயல் தலையில் இருக்காது.

அந்தச் சுருக்கங்களைச் சரிபார்த்துத் தரச் சொல்லிச் சிலர் என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் பார்த்தவற்றில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாக் கருத்துக்கும் சம அளவு இடம்; எது தூண், எது திண்ணை என்று தெரியவில்லை. வரம்புச் சொற்களும் வழுக்கிப் போயிருந்தன. எதை வாங்கினாலும் இயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு இயலைப் படித்தாக வேண்டும்!

ஒரு புத்தகத்தின் எல்லா இயல்களையும் சுருக்கி இணையத்தில் வெளியிடலாமா?

உங்கள் படிப்புக்காக எழுதிக்கொள்வதில் சிக்கல் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, "தழுவல்" என்பதில் நூலின் சுருக்க வடிவத்தையும் சேர்க்கிறது. அந்த உரிமை பதிப்புரிமை உள்ளவருடையது. சொந்தப் படிப்பு, ஆய்வு, விமர்சனம், மதிப்புரை ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓர் இயலைப் பற்றி உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதுவது ஒன்று. புத்தகத்தை வாங்கவே வேண்டாம் என்கிற அளவுக்கு முழுவதையும் சுருக்கிப் பரப்புவது வேறு. இரண்டாவதற்கு அனுமதி கேளுங்கள்.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்கும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றுக்கும் இந்தக் கவலை இல்லை. பாரதியார் எழுத்துகள் 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன.

ஒரே இயலை இரண்டு பேர் சுருக்கினால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டாமா? யாருடையது சரி?

ஆசிரியரின் முடிவு என்ன, எதை வைத்து அங்கே வந்தார் என்ற இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். அதில் வேறுபட்டால் ஒருவர் தவறாகப் படித்திருக்கிறார். புத்தகத்தைத் திறந்து தீர்த்துக்கொள்ளலாம். மற்றபடி வேறுபடத்தான் செய்யும். நகரமைப்பு படிக்கும் மாணவி கால்வாய்ப் பத்தியில் தூண்களுக்கு ஒரு முழு வாக்கியம் கொடுத்தார். சரக்கு வண்டி அலுவலகத்தில் இருந்தவர் ரயிலையும் லாரியையும் விடவே இல்லை.

அந்தத் தமிழாசிரியர் தம் தாளைக் கடைசியாகக் கொடுத்தார். வாதம் சரியாக இருந்தது, வரம்புச் சொல்லும் தப்பவில்லை. நான் ஒரு தொடருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருந்த பஞ்சத்துக்கு இரண்டு வாக்கியம் கொடுத்திருந்தார். அடிக்கப் பேனாவை எடுத்தேன். மொத்தம் ஒரு பக்கத்துக்குள்தான் இருந்தது. அப்படியே கோப்பில் வைத்துவிட்டேன்.